வந்தோர்க்கும் வரவிருப்போர்க்கும்



யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கு நோக்கி வரும் கண்டி வீதி, நான் பிறந்து வளர்ந்த கனகராயன்குளத்தின் ஊடாகச் செல்கின்றது. புளியங்குளம், ஓமந்தை, வவுனியா, மதவாச்சி என்று அவ்வீதி வழியே ஏறக்குறைய 80 கிலோமீற்றர் தூரம் சென்றால், சமநிலத்தின் நடுவே காடு போர்த்த ஒரு மலை எழுந்து நிற்பதைக் காணலாம். அதுவே மிகிந்தலை. கண்டிக்கும் மலைநாட்டுக்கும் செல்லும் எம்மூர் மக்கள் எத்தனையோ முறை அம்மலையின் அடிவாரத்தைக் கடந்து போயிருக்கின்றார்கள். ஆயினும், பேருந்தை விட்டு இறங்கி அதன் மீது ஏறிப் பார்த்தோர் மிகச் சிலரே. போர்க்காலத்தில் இவ்வீதி பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்து வீதி திறந்த பின்னரும், 'அது எங்களுடைய இடமன்று' என்ற எண்ணத்தோடு கடந்து செல்வதே எமக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

அநுராதபுரம் சமநிலத்திலே அமைந்த நகரம். ஆனால் அதைச் சுற்றியுள்ள நாட்டிலே, யானைக் கூட்டம் படுத்திருப்பது போலக் கருங்கற் பாறைகள் ஆங்காங்கே கிடக்கின்றன. நகரத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய 12 கிலோமீற்றர் தூரத்தில் மிகிந்தலை இருக்கின்றது. நகரின் தென்புறத்திலேயே இசுருமுனியா, வெசகிரிய என்னும் பாறைகள் உள்ளன. வடமேற்கே, மல்வத்து ஓயா என்று சிங்களத்திலும் அருவியாறு என்று தமிழிலும் வழங்கும் ஆற்றின் அருகே தந்திரிமலை இருக்கின்றது. தென்கிழக்கே, 766 மீற்றர் உயரமுடைய ரிட்டிகல நிற்கின்றது. இம்மலைகள் யாவற்றிலும் பண்டைக் காலத்துப் பௌத்தத் துறவிகள் வாழ்ந்திருக்கின்றார்கள்.

அவர்கள் மலைகளை நாடிச் சென்றமைக்குக் காரணம் உண்டு. துறவிக்குத் தனிமை வேண்டும். ஆனால் அவன் உணவு பெறுவது ஊராரிடத்தில். ஆகவே, ஊரின் ஆரவாரம் கேளாத தூரத்திலும், காலையிலே பாத்திரம் ஏந்திச் சென்று பகலுக்கு முன் திரும்பக்கூடிய தூரத்திலும் உறைவிடம் அமைய வேண்டும். அடிவாரத்திலே குளமும் வயலும், மேலே குகையும் உள்ள குன்று இதற்கு மிகப் பொருத்தமானது. எங்கள் வன்னி நாட்டைப் போன்றே குளத்தை நம்பி வாழும் அந்நாட்டிலே, அத்தகைய குன்றுகளுக்குக் குறைவில்லை.

இயற்கையான பாறைக் குகை அப்படியே வாழத் தக்கதன்று. மாரி காலத்தில் பாறையின் மேல் விழும் மழைநீர், நெற்றி வழியாக இறங்கி உள்ளே ஓடிவிடும். இதைத் தடுக்கப் பண்டைக் கற்றச்சர் எளியதொரு வழி கண்டனர். குகை வாயிலுக்கு மேலே, பாறையின் நெற்றியில், இமையைப் போல நீண்டதொரு விளிம்பை வெட்டினர். வழிந்து வரும் நீர் அவ்விளிம்பை அடைந்ததும் உள்ளே செல்ல வழியின்றி வெளியே சொட்டிவிடும். இரண்டாயிரம் ஆண்டுகளின் பின்னரும் இந்த நீர்வடி விளிம்புகள் பல இடங்களில் தம் தொழிலைச் செய்துகொண்டிருக்கின்றன. விளிம்பின் கீழே, மழை படாத இடத்திலே, குகையைத் தானம் செய்தவர் தம் பெயரைப் பிராமி எழுத்திலே பொறித்தனர். இவ்வெழுத்துகளைப் பற்றிப் பின்னர் விரிவாகக் கூறுவேன். முதலில் மிகிந்தலையில் ஏறுவோம்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டிலே, அசோகச் சக்கரவர்த்தியின் மகனான மகிந்த தேரர், தேவநம்பியதீசன் என்னும் மன்னனை இம்மலையிலே சந்தித்தார் என்று மகாவம்சம் கூறுகின்றது. மன்னன் மான் வேட்டைக்கு வந்தவன். தேரர் அவனுக்கு உடனே அறம் உரைக்கவில்லை. அருகில் நின்ற மாமரத்தைக் காட்டி, 'இது என்ன மரம்? இதைத் தவிர வேறு மாமரங்கள் உண்டா? மாமரம் அல்லாத மரங்கள் உண்டா? அந்த மரங்களையும் மற்ற மாமரங்களையும் நீக்கினால் எஞ்சுவது யாது?' என்று ஒன்றன்பின் ஒன்றாக வினவினார். 'எஞ்சுவது இந்த மாமரம்' என்று மன்னன் விடையிறுத்தான். கேட்பவனின் அறிவைச் சோதித்து, அவன் விளங்கிக்கொள்ள வல்லவன் என்று கண்ட பின்னரே தேரர் போதிக்கத் தொடங்கினார். நல்லாசிரியர் யாவரும் கைக்கொள்ள வேண்டிய முறை இது. அந்தச் சந்திப்பின் நினைவாகவே யூன் மாதத்துப் பொசன் முழுமதி நாளில் இலட்சக்கணக்கான மக்கள் வெள்ளாடை உடுத்து இம்மலையில் ஏறுகின்றார்கள்.

மலைமேற் செல்வதற்கு 1840 கற்படிகள் உள்ளன. அடிவாரத்துக்கு அருகிலே ஒரு மருத்துவசாலையின் இடிபாடுகளைக் காணலாம். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என ஆராய்ச்சியாளர் கருதும் இம்மருத்துவசாலையில், மனித உருவத்துக்கு ஏற்றவாறு உள்ளே குடையப்பட்ட கற்றொட்டி ஒன்று இருக்கின்றது. நோயாளியை அதிலே கிடத்தி, மூலிகை எண்ணெயும் கஷாயமும் நிரப்பிச் சிகிச்சை செய்திருக்கின்றனர்.

படிகளின் இடையே வலப்புறம் பிரிந்து சென்றால் கண்டக சேதியம் என்னும் பழந்தூபியை அடையலாம். அதன் வாயில் முகப்புகளிலே யானை, குதிரை, சிங்கம், இடபம் ஆகியவற்றின் உருவங்களும், தாமரையும் அன்னமும் அழகுறச் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள பூதகணங்களிடையே யானைமுகம் கொண்ட குள்ள உருவம் ஒன்றும் உண்டு. எங்கள் கிராமத்துக் குளக்கட்டுகள் தோறும் வீற்றிருக்கும் பிள்ளையாரை அங்கே கண்டது போன்ற உணர்ச்சி எனக்கு ஏற்பட்டது. இத்தூபியைச் சுற்றியே 68 குகைகளை மன்னன் துறவிகளுக்கென ஆக்குவித்தான் என்பது மகாவம்சத்தின் கூற்று.

இன்னும் சிறிது மேலேறினால், துறவிகள் உணவு கொண்ட சாலையின் அருகே இரு பெரிய கல்வெட்டுப் பலகைகள் நிற்கின்றன. இவை 10ஆம் நூற்றாண்டிலே நான்காம் மகிந்தன் வெட்டுவித்தவை. விகாரையை எவ்வாறு நடத்த வேண்டும் என்ற சட்டங்கள் இவற்றிலே பொறிக்கப்பட்டுள்ளன. துறவிகள் விடியலில் எழுந்து தியானம் செய்ய வேண்டும். விகாரைப் பணியாளருக்கு இன்ன இன்ன அளவு ஊதியம் கொடுக்க வேண்டும். அன்றாடச் செலவை அன்றே எழுதி, மாதக் கணக்கு முடித்து, ஆண்டு இறுதியிலே சங்கத்தார் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பன போன்ற விதிகள் அவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு விகாரையின் கணக்கு இவ்வாறு பகிரங்கமாக வாசிக்கப்பட்டது என்றால், இக்காலத்துச் சங்கங்களும் கோயிற் பரிபாலன சபைகளும் அதிலிருந்து கற்கத் தக்கது உண்டன்றோ?

உச்சியிலுள்ள ஆராதனைப் பாறையில் நின்று மேற்கே நோக்கினால், பச்சைக் காட்டின் மேலே அநுராதபுரத்துத் தாதுகோபங்கள் தெரிகின்றன. அவற்றினிடையே குளங்கள் வெயிலில் மின்னுகின்றன.

ஏனைய மலைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் வேறுபட்டவை. தந்திரிமலையிலே பாறையில் வெட்டிய பள்ளிகொண்ட புத்தர் சிலையையும், வேலை முற்றுப்பெறாது நின்றுபோன இருக்கைப் புத்தரையும் காணலாம். முற்றுப்பெறாத சிலையிலே சிற்பியின் உளி எவ்வாறு பாறைக்குள் இறங்கிற்று என்பதை நன்கு அறிந்துகொள்ளலாம். ரிட்டிகலவில் வாழ்ந்தவர்களோ, கந்தலை அணிந்து கடுந்தவம் புரிந்த வனத்துறவிகள். அவர்களுடைய தவப்பள்ளிகளிலே தூபியும் இல்லை, புத்தர் சிலையும் இல்லை. கல் பாவிய நீண்ட நடைபாதைகளும், மரங்களிடையே இரட்டை மேடைகளும், ஒரு பெரிய குளமுமே எஞ்சியுள்ளன. அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையிலிருந்து வீழ்ந்த துண்டே ரிட்டிகல என்னும் கதையும் அப்பகுதியில் வழங்குகின்றது.

இனி, குகை எழுத்துகளுக்கு வருவோம்.

இலங்கைக் குகைக் கல்வெட்டுகள் மிகச் சிறியவை. பெரும்பாலும் ஒரே வரி. தானம் செய்தவர் பெயர், அவருடைய தந்தையின் பெயர் அல்லது தொழில், அதன்பின் ஒரு மரபுத் தொடர். அத்தொடரின் பொருள், 'வந்தோரும் வரவிருப்போருமாகிய நாற்றிசைச் சங்கத்துக்கு இக்குகை கொடுக்கப்பட்டது' என்பதாகும். கொடுத்தவர் தமக்கு அறிமுகமான ஒரு துறவிக்கு மட்டும் குகையைக் கொடுக்கவில்லை. வடக்கிலிருந்து வருபவரோ தெற்கிலிருந்து வருபவரோ, இன்று வந்தவரோ இனிப் பிறந்து வரப்போகின்றவரோ, எவராயினும் இங்கே தங்கலாம் என்று கல்லிலே எழுதிவைத்தார்.

இத்தகைய குகைகள் எங்கள் வவுனியா மாவட்டத்திலும் உள்ளன. பெரியபுளியங்குளத்துக் குகைகளிலே ஒரு கல்வெட்டு, நாகன் என்னும் அரசனின் மகளும் உதி என்னும் அரசனின் மனைவியுமாகிய அநுராதி என்ற அரசியைக் குறிப்பிடுகின்றது. அவளும் அவள் கணவனும், துறவிகள் சுகமாக வாழ்வதற்கென ஒரு குகையை ஆக்குவித்தனர். அதே இடத்திலே இன்னொரு குகையில் வேறொரு பெயர் காணப்படுகின்றது. 'தமேத வணிஜ கஹபதி விசாக' என்பது அது. தமேத என்றால் தமிழன். வணிஜ என்றால் வணிகன். கஹபதி என்றால் குடும்பத் தலைவன். தமிழ் வணிகனான விசாகன் என்னும் இல்லறத்தானின் குகை என்பது இதன் பொருள். கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்திலே, வன்னிக் காட்டிலே, ஓர் அரசியின் தானமும் ஒரு தமிழ் வணிகனின் தானமும் ஒரே எழுத்தில், ஒரே பிராகிருத மொழியில், ஒரே அறத்துக்காகப் பொறிக்கப்பட்டுள்ளன.

அநுராதபுரத்திலேயே, அபயகிரி விகாரையை அண்டிய பகுதியில், தமிழ் இல்லறத்தார்களின் மேடை என்று பொறிக்கப்பட்ட பாறை ஒன்று உள்ளது. சமணன் என்னும் தமிழன் அதனை அமைப்பித்தான் என்றும், அங்கே இன்னின்னாருக்கு இருக்கை உண்டு என்றும் அக்கல்வெட்டுக் கூறுகின்றது. அவர்களுள் ஒருவன் கப்பலோட்டி. பேராசிரியர் பரணவிதான 1940ஆம் ஆண்டளவில் இதனை வாசித்து வெளியிட்டார்.

இப்போக்குவரவு ஒரு திசையில் மட்டும் நடந்ததன்று. மதுரைக்கு அருகே திருப்பரங்குன்றத்திலே சமண முனிவருக்கு அமைத்த கற்படுக்கை ஒன்றில், எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் பொலாலையன் என்பவனின் பெயர் தமிழ்ப் பிராமியிலே காணப்படுகின்றது. தமிழ் வணிகன் ஈழத்து மலையிலே பௌத்தத் துறவிக்குக் குகை கொடுத்தான்; ஈழக் குடும்பிகன் பாண்டி நாட்டு மலையிலே சமணத் துறவிக்குப் படுக்கை கொடுத்தான். இருவரும் ஏறக்குறைய ஒரு காலத்தவர் என்பது நினைவில் வைக்கத் தக்கது.

இவற்றை எல்லாம் கூறும்போது மற்றப் பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. 993ஆம் ஆண்டளவில் இராசராச சோழனின் படை அநுராதபுரத்தைக் கைப்பற்றியது. விகாரைகள் சூறையாடப்பட்டன, பழைய தலைநகரம் தன் சிறப்பை இழந்தது. அதே சோழராட்சிக் காலத்திலே, திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை, இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரோடு தமிழ்ப் பௌத்தர்களால் போற்றப்பட்டது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள், விளக்குக்கும் பூசைக்கும் பசுவும் பொன்னும் கொடுத்தவர்களின் பெயர்களைக் கூறுகின்றன. அழித்தோரும் இருந்தனர், காத்தோரும் இருந்தனர். வரலாற்றிலே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட எமக்கு உரிமை இல்லை.

நாற்றிசைச் சங்கம் என்பது வெறும் பேச்சன்று என்பதற்குத் தூரதேசத்திலிருந்தும் சான்று காட்டலாம். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தென்னிந்தியாவிற் பிறந்த வச்சிரபோதி என்னும் துறவி, அநுராதபுரத்து அபயகிரியிலே தங்கி, சிவனொளிபாத மலையையும் தரிசித்து, பின்னர் கடல் வழியாகச் சீனத்துக்குச் சென்றார். சீனத்திலே அவருக்கு மாணவராக வாய்த்தவர்களுள் ஒருவர் ஹேச்சோ. இவர் கொரியாவின் சில்லா நாட்டைச் சேர்ந்தவர். 720களிலே இவர் இந்தியாவுக்கு யாத்திரை வந்து, தாம் கண்டவற்றை எழுதிவைத்தார். அந்நூலின் பிரதி 1908ஆம் ஆண்டிலே சீனத்துத் துன்ஹுவாங் குகையொன்றிலிருந்து வெளிப்பட்டது.

ஹேச்சோவின் நாட்டுத் தலைநகரம் இன்று கியோங்சு என வழங்குகின்றது. அநுராதபுரத்தைப் போலவே அதுவும் மலைகளும் விகாரைகளும் சூழ்ந்த பழம்பதி. நகருக்குத் தெற்கே நாம்சான் மலையிலே நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகளின் எச்சங்களும், பாறையிற் செதுக்கிய புத்தர் உருவங்களும், கற்கோபுரங்களும் பரந்து கிடக்கின்றன. கிழக்கே தோகம் மலையின் அடிவாரத்தில் புல்குக்சா விகாரையும், மேலே சொக்குராம் என்னும் கற்குகைக் கோயிலும் உள்ளன. 751ஆம் ஆண்டில் கிம் தேசொங் என்னும் அமைச்சர் இவ்விரண்டையும் கட்டத் தொடங்கினார். சொக்குராமிலே கருங்கல்லிற் செதுக்கிய புத்தர், கிழக்குக் கடலை நோக்கி அமர்ந்திருக்கின்றார்.

1593ஆம் ஆண்டிலே யப்பானியப் படையெடுப்பின்போது புல்குக்சாவின் மரக்கட்டடங்கள் எரிந்துபோயின. சொக்குராமுக்கு நேர்ந்த இடரோ வேறு வகையானது. 1910களிலே, யப்பானிய ஆட்சிக் காலத்தில், அக்குகையைப் பழுதுபார்ப்பதாகக் கருதி, அதைச் சுற்றிச் சீமெந்துச் சுவர் எழுப்பினார்கள். அதன்பின் உள்ளே ஈரம் தேங்கி, சிலைகளிலே பாசி படரத் தொடங்கிற்று. அடியிலே ஓடிய ஊற்று நீரின் குளிர்ச்சியே முன்னர் ஈரத்தைத் தரையோடு நிறுத்தி வைத்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 1960களிலே மீண்டும் பெரும் திருத்த வேலை செய்தும், இன்று கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றே மக்கள் அப்புத்தரைத் தரிசிக்க வேண்டியுள்ளது. எரித்தவன் பகைவன் என்பது எளிதில் விளங்கும். பழையதன் உள்ளமைப்பை அறியாமல், அவசரத்தில், அதன் மேலே புதியதைக் கட்டுபவனும் கேடு செய்கின்றான் என்பது விளங்குவதற்குக் காலம் செல்லும்.

நேயர்களே, கொரியாவை விட்டு மீண்டும் எம்மூருக்குத் திரும்புவோம்.

என் பாட்டனார் காலத்தில் தேனுக்கும் வேட்டைக்கும் காட்டினுள்ளே சென்றவர்கள், எழுத்துக்கல் கண்டோம் என்று வந்து சொல்வார்கள். 'அது புதையலுக்குக் குறி' என்பது ஊரார் நம்பிக்கை. அந்நம்பிக்கையினால் விளைந்த தீமை சிறிதன்று. இரவிலே சென்று பாறையை உடைப்போரும், செங்கல் மேட்டைத் தோண்டுவோரும் இன்றும் இருக்கின்றார்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இதனைக் குற்றமாக்கியுள்ளது. ஆயினும் குற்றம் ஓயவில்லை. அக்கல்லிலே எழுதியிருப்பது பொன் புதைத்த இடமன்று, ஒருவன் தன் பொருளைப் பிறர்க்குக் கொடுத்த செய்தி என்பதை அறிந்திருந்தால், உடைக்கும் கை சற்றே தயங்கும் அல்லவா?

புதையல் தேடுவோரை விட எமக்குக் கவலை தருவது வேறொன்றும் உண்டு. வன்னியில் ஒரு பழங்கல் வெளிப்பட்டதும், 'இது எங்களுக்கு மட்டுமே உரியது' என்று உரிமை பேச ஒரு சாரார் வருகின்றனர். 'இது எங்களுடையதன்று, இருந்தால் என்ன, அழிந்தால் என்ன' என்று மற்றொரு சாரார் ஒதுங்குகின்றனர். முதற் சாராரால் அயலிலே வாழும் குடியானவன், தன் வயலும் கோயிலும் என்னாகுமோ என்று அஞ்ச நேரிடுகின்றது. இரண்டாம் சாராரால், எங்கள் முன்னோர் கொடுத்த தானத்துக்கு நாமே சாட்சி இல்லாதவர்களாகின்றோம். இரு சாராரும் அக்கல்லை வாசித்தவர்கள் அல்லர். வாசித்திருந்தால், வந்தோர்க்கும் வரவிருப்போர்க்கும் என்ற சொற்கள் அவர்கள் கண்ணிற் பட்டிருக்கும்.

விசாகன் என்னும் அவ்வணிகன் எந்தத் துறைமுகத்திலே இறங்கினான், எப்பொருளை விற்றான் என்பவற்றைக் கல்வெட்டுக் கூறவில்லை. ஆனால், தன் உழைப்பிலே ஒரு பகுதியைக் கொண்டு, மழை உள்ளே வராத ஓரிடத்தை, தான் காணப்போகாத மனிதர்களுக்கு அமைத்துக் கொடுத்தான் என்பது உறுதி. தன்னைத் தமிழன் என்று சொல்லிக்கொள்ள அவன் தயங்கவும் இல்லை. தமிழர்க்கு மட்டும் என்று எழுதவும் இல்லை.

எங்கள் பாடசாலைகளிலே பிள்ளைகள் ஆண்டுதோறும் சுற்றுலாச் செல்கின்றனர். கண்டி வீதி வழியே செல்லும்போது மிகிந்தலையிலே அரைநாள் தங்குமாறு ஆசிரியர்களை வேண்டிக்கொள்கின்றேன். அந்த 1840 படிகளையும் பிள்ளைகள் எங்களை விட விரைவாக ஏறிவிடுவார்கள். குகைகளின் முன்னே அவர்களை நிறுத்தி, மேலே உள்ள விளிம்பையும் அதன் கீழுள்ள எழுத்தையும் காட்டுங்கள். அதன் பொருளைத் தமிழிலே சொல்லிக் கொடுங்கள். சோக்கட்டியால் எழுத்தைத் தேய்க்காமலும், தம் பெயரை அருகிலே கீறாமலும் இருக்கச் செய்யுங்கள். தங்கள் ஊர்க் காட்டிலே அவ்வாறான எழுத்தைக் காணும் நாளில், அதனை உடைக்காமலும் ஒளிக்காமலும் உரியவர்களுக்கு அறிவிக்கும் எண்ணம் அவர்களுக்கு அப்போதே உண்டாகும்.

மழை வரும்போது அக்குகையில் ஒதுங்க நேர்ந்தால் தயங்காமல் ஒதுங்குங்கள். அவ்விடம் உங்களுக்காகவும் கொடுக்கப்பட்டதே.